மேல் தட்டுக் கல்

கத்தி தீட்டும்போதெல்லாம் நான் ஒருவரோடு சண்டை போடுகிறேன். அவர் இப்போது இந்த ஊரில் இல்லை. கடையைக் காலி செய்துவிட்டு மகனோடு இருக்க ஓசூர் போய் நாலு வருஷம் ஆகிறது. தேரடிக்குப் பின்னால் அவருடைய ஹார்டுவேர் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் கவர் விற்கிறார்கள். ஆனாலும் காலையில் கல்லை நனைத்து மேடைமேல் வைத்துக் கத்தியைச் சாய்த்தால் போதும், அந்த மனிதர் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் திட்டத் தொடங்கிவிடுவேன். வாய்விட்டுத் திட்டுவதும் உண்டு. என்னிடம் காய் வெட்ட வரும் பெண்கள் முதலில் பயந்தார்கள், இப்போது சிரிக்கிறார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது, வேறு கடைக்குப் போயிருப்பேன். ஒரு மழை நாளில் எங்கள் வீட்டு மேல்தொட்டிக் குழாய் உடைந்து கூடமெல்லாம் தண்ணீராகிவிட்டது. போன் செய்தேன். கடையை மகளிடம் விட்டுவிட்டு, மொபெட்டில் நனைந்துகொண்டே வேங்கிக்கால் வரைக்கும் வந்து, புது வால்வை மாட்டி, குழாய் மரையில் டேப்பை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார். வேண்டாத சாமானைத் தலையில் கட்டுகிற வியாபாரி அவர் இல்லை. அவருடைய வியாதி அதற்கு நேர் எதிர்.

கடையில் இரண்டு தட்டுகள். மேல் தட்டில் நல்ல சாமான்கள் இருக்கும். பெட்டியில் வைத்தது, காகிதம் சுற்றியது, கம்பெனி எண்ணெய் வாசனை போகாதது. கீழ்த் தட்டில் மற்றவை. ஒரு சாமான் வேண்டும் என்று போய் நின்றால் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார். "இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்பார். பண்ணியிருக்கிறேன் என்று சொன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறுவார். இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டால் ஸ்டூலுக்கு வேலை இல்லை. குனிவார். கீழ்த் தட்டில் கைவிட்டு எதையோ எடுத்துத் தூசி தட்டி நம் முன்னால் வைப்பார்.

"கத்துக்கற வரைக்கும் இது போதும்" என்பார்.

அந்தப் 'போதும்' என்ற சொல்லை அவர் சொல்கிற விதம் ஒன்று உண்டு. ஆள்காட்டி விரலால் கவுண்டர் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொல்வார். நம் காசைத் தான் காப்பாற்றிவிட்ட திருப்தி முகத்தில் தெரியும். மறுத்துப் பேசினால் நாம்தான் நன்றி கெட்டவர்கள் என்று ஆகிவிடும். மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அவருக்கு லாபம்தான். அந்த லாபத்தை விட்டுவிட்டுத்தான் இதைச் செய்தார் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஒருமுறை கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர், புதிதாகக் கட்டிய வீட்டின் கேட்டுக்குத் தானே பெயின்ட் அடிக்கப் போவதாக ஆசையாய் வந்தார். இவர் குனிந்தார். கீழ்த் தட்டு பிரஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்த மனிதர் திரும்பி வந்து, கேட்டு முழுக்க பிரஷ் முடி ஒட்டிக்கொண்டு கரடி மாதிரி நிற்கிறது என்றார்.

"மொத தடவ அப்படித்தாங்க இருக்கும். அதுக்குத்தான் நான் சின்ன பிரஷ்ஷா குடுத்தேன்" என்றார் இவர்.

"எனக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க. ஆளு வச்சி அடிச்சிக்கறேன்" என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். நான் அப்போது கடையில் நின்றிருந்தேன். சிரித்தேன். முடி உதிர்ந்தது பிரஷ்ஷின் குற்றம், அவர் கையின் குற்றம் இல்லை என்று என் மண்டையில் ஏறவே இல்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

என் வேலை காய் வெட்டுவது. வீட்டின் பின்பக்கம் ஷீட் போட்டு, நீளமாக ஒரு மேடை கட்டி, மூன்று பெண்களோடு சேர்ந்து வெட்டுகிறேன். கல்யாண சமையல்காரர்களுக்கு, மெஸ்களுக்கு, லாட்ஜ் கேன்டீன்களுக்கு மூட்டை மூட்டையாக வெட்டிப் பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். பௌர்ணமிக்கு முந்தின இரண்டு நாட்கள் தலை நிமிர நேரம் இருக்காது. மலையைச் சுற்ற வருகிற அத்தனை பேருக்கும் பசிக்கும் இல்லையா. இந்தத் தொழிலில் முதல் போட்டதெல்லாம் ஏழு கத்திகளும் எங்கள் மணிக்கட்டுகளும்தான்.

கத்தி மழுங்கினால் மணிக்கட்டு போகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்குப் போய்க்கொண்டிருந்தது. காலையில் எழுந்தால் வலது கையால் சொம்பைத் தூக்க முடியாது. சைக்கிளில் வந்து சாணை பிடிக்கிறவர் வாரத்துக்கு ஒரு தரம் வருவார். பொறி பறக்க ஒரு இழு இழுப்பார். இரண்டு நாள் வெட்டும், மூன்றாம் நாள் பழையபடி. அதோடு கத்தி தேய்ந்துகொண்டே வந்து மீன் முள் மாதிரி ஆகிவிடும். டாக்டர், கைக்கு ஓய்வு கொடு அல்லது தொழிலை மாற்று என்று சொல்லிவிட்டார். தொழிலை விட்டால் நான்கு பேர் வீட்டில் உலை கொதிக்காது. நாமே கல்லில் தினமும் தீட்டிக்கொண்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. போனில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு அவர் கடைக்குப் போனேன்.

மேல் தட்டில் ஒரு கல் இருந்தது. மரப்பெட்டிக்குள், சாம்பல் நிறத்தில், ஒரு சாண் நீளத்துக்கு. யாரோ தச்சர் சொல்லி வரவழைத்து, அவர் வாங்க வராமல் போனதாம்.

"அந்தக் கல்லு வேணும்ணா. கத்தி தீட்ட."

"முன்னாடி தீட்டியிருக்கீங்களாம்மா?"

"இல்லண்ணா. இனிமேதான் பழகணும்."

குனிந்தார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் கல்லை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் நைஸ். கவுண்டர் கண்ணாடியில் இரண்டு தட்டு.

"கத்துக்கற வரைக்கும் இது போதும். கை வந்துச்சுன்னா வாங்க, அத எடுத்துத் தரேன். இப்பவே அத வாங்கி பாழ் பண்ணிடுவீங்க."

வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்ணா" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம். விடிந்ததும் பெண்கள் வருவதற்குள் ஒரு மணி நேரம் மேடை முன்னால் நின்று தேய்த்தேன். தண்ணீர் விட்டுப் பார்த்தேன், எண்ணெய் விட்டுப் பார்த்தேன். கல்லை ஈரத்துணிமேல் வைத்தேன், ஆணி அடித்து அசையாமல் நிறுத்தினேன். கத்தி நீளம், கல் குட்டை. கத்தியின் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே சாய்வில் இழுக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நான் இழுக்கத் தொடங்குவதற்குள் கல் முடிந்துவிடும். இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு என்று இழுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் சாய்வு மாறும். கூர் வருகிற மாதிரி தெரியும், தக்காளித் தோலில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கூர் வந்திருந்த கத்திகளையும் கெடுத்தேன்.

அந்தப் பௌர்ணமிக்குப் பேருந்து நிலையம் பக்கம் ஒரு மெஸ்ஸிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. வருஷம் முழுக்க எங்களுக்கே தருவதாகப் பேச்சு. வெட்டிக் கொடுத்த தக்காளியைத் திறந்து பார்த்துவிட்டு மெஸ் நடத்துகிற அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, வெட்டுனியா மிதிச்சியா? பாதி தண்ணியா நிக்குது."

அடுத்த மாதத்திலிருந்து அந்த ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஒரு பெண்ணை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தியபோது அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குக் கை வரவில்லை, என்னால்தான் இப்படி ஆயிற்று என்றேன். அதை நான் நம்பினேன். வெங்காயம் வெட்டுகிறபோது அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் அன்றைக்கு வசதியாக இருந்தது.

கடைக்குப் போய் அவரிடமும் சொன்னேன். "கையே வர மாட்டேங்குதுண்ணா."

அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நான்தான் சொன்னேனே. அந்தப் பெரிய கல்ல வாங்கியிருந்தீங்கன்னா இன்னா ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார். இரண்டு தட்டு தட்டினார்.

பில் போட்டுக்கொண்டிருந்த அவருடைய மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்லூரி முடித்துவிட்டு கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், அதிகம் பேசாதவள். அன்றைக்கு நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே வந்து, நான் கேட்காமலே தன் கதையைச் சொன்னாள். அவளுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள ஆசை. அப்பா ஒரு பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கைப்பிடியை நேராகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பாதிதான் பிடிக்கும். கற்றுக்கொள்கிற வரைக்கும் இது போதும் என்றாராம். அவள் வலப்பக்கம் திருப்பித் திருப்பிப் பழகிவிட்டாள். பிறகு தோழியின் நல்ல வண்டியை வாங்கி ஓட்டியபோது அதே பழக்கத்தில் வலப்பக்கம் திருப்பி, ஒரு லோடு ஆட்டோவின் முன்னால் போய் விழுந்தாள்.

"அப்பா அத எல்லார்கிட்டயும் சிரிச்சிக்கினு சொல்வாருக்கா. நல்ல வேள, புது வண்டி வாங்கித் தரலன்னு சொல்வாரு" என்றாள்.

"அப்புறம் ஓட்டலையா?"

"எனக்கு வண்டி வராதுக்கா. விட்டுட்டேன்."

இருபத்து நாலு வயசுப் பெண். எனக்கு வராது என்று அவள் சொன்னபோது முகத்தில் வருத்தமே இல்லை, தன் ரத்தம் இந்த வகை என்று சொல்வது போலச் சொன்னாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பாவம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உறைக்க வைத்தவர் ஆட்டோ சீட் தைக்கிற பாய். என் மொபெட் சீட் கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. அவரிடம் கொண்டுபோனேன். ரெக்சினைத் தரையில் விரித்து, ஒரு பழைய கத்தியால் ஒரே இழுப்பில் வளைவாக வெட்டினார். சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றவள் கேட்டுவிட்டேன்.

"பாய், இத எதுல தீட்டுவீங்க?"

டீ குடித்துவிட்டு வைத்திருந்த பீங்கான் கப்பைக் கவிழ்த்தார். அடியில் வழவழப்பு இல்லாத ஒரு வளையம் இருக்கும் பாருங்கள், அதில் நாலு இழுப்பு இழுத்துக் காட்டினார். முன்கை முடி இரண்டைக் கத்தியால் எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கப்பு அடியில் வருகிற கூர் எனக்குக் கல்லில் வரவில்லையே என்று. என் பையில் அந்தக் கறுப்புக் கல் இருந்தது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வந்திருந்தேன். அவரிடம் நீட்டினேன்.

பாய் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கல்லின்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஸ்கேலுக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"பாத்தீங்களா, நடுவுல பள்ளம். நீங்க தேச்சி விழுந்ததில்ல, வாங்கறப்பவே இப்படித்தான் இருந்திருக்கும். உங்க கத்தி எத்தன இஞ்சு?"

"எட்டு."

"கல்லு நாலு. இழுக்க ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிபோயிடும். மணிக்கட்டு ஆடாம இன்னா பண்ணும்?"

"எனக்குக் கை வரலன்னு நெனச்சேன் பாய்."

"கை எல்லாருக்கும் வரும்மா. நான் முப்பது வருஷமா பண்றேன், என் கைக்குச் சாய்வு தெரியும். எனக்கு இந்தக் கப்பே ஜாஸ்தி. உங்க கைக்கு இன்னும் தெரியாதில்ல, அப்ப கல்லுதான சொல்லித் தரணும். கல்லே கோணலா இருந்தா அது இன்னாத்த சொல்லித் தரும்? கத்துக்கறவங்களுக்குத்தான் நல்ல கல்லு வேணும். தெரிஞ்சவனுக்கு எதுக்கு?"

அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். எந்தக் கல் வாங்குவது என்று கேட்டேன்.

"மூணு நாலுன்னு வாங்கிக் குவிக்காதீங்க. ஒண்ணு. நீளமா, அகலமா, தட்டையா. ரொம்ப கரடுல தப்பு பண்ணா கத்தி போயிடும். ரொம்ப நைசுல தப்பு பண்ணா தப்புன்னே தெரியாது. நடுத்தரமா இருந்தா தப்பு உடனே தெரியும், திருத்திக்கலாம். தண்ணி விட்டுத் தேயுங்க, எண்ணெ வேணாம். கத்தி ஓரத்துல மார்க்கர் பேனாவால கோடு போட்டுக்குங்க. மை எங்க அழியுதோ அங்கதான் கல்லு படுது. பழகப் பழகக் கல்லும் பள்ளமாகும், உப்புத்தாள்ல தேச்சி தட்டையாக்கிக்கணும். அவ்ளோதான்."

சீட்டைத் தைக்க விட்டுவிட்டு அங்கிருந்து நேராகக் கடைக்கு நடந்தேன். தேரடி வருகிற வரைக்கும் அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு காலையாக நினைவுக்கு வந்தது. வழியில் தெரிந்தவர்கள் யாரோ கூப்பிட்டார்கள், நின்று பேசவில்லை. போன மெஸ் ஆர்டரும், நிறுத்திய பெண்ணின் முகமும், சொம்பைத் தூக்க முடியாத கையும் சேர்ந்துகொண்டு என்னைத் தள்ளின. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும்.

"அந்த மேல் தட்டுக் கல்ல எடுங்கண்ணா."

"கை வந்துடுச்சா?"

"வரல. அதனாலதான் கேக்கறேன்."

"வராம எதுக்கும்மா அது? நான் உங்க நல்லதுக்குத்தான..."

"என் நல்லதுக்கு நீங்க குடுத்த கல்லு நடுவுல பள்ளம்ணா. ஸ்கேல் வச்சிப் பாருங்க. ரெண்டு மாசம் என் கையையே திட்டிக்கினு இருந்தேன். ஒரு பொண்ண வேலைய விட்டு நிறுத்திட்டேன். எனக்கு எது போதும்னு நீங்க எப்படிச் சொல்வீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை என்பதை அந்தக் கண்ணில் பார்த்தேன், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "கத்துக்கறதுக்கு யாராச்சும் நல்லத வாங்குவாங்களா?" என்று நின்றிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அவர் ஸ்டூலைத் தொடவில்லை.

மகள் பில் புத்தகத்தை மூடி வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மரப்பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து இறங்கி, கவுண்டரில் என் முன்னால் வைத்தாள். "எடுத்துக்கினு போங்கக்கா" என்றாள். அப்பாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"பாழ் பண்ணப் போறீங்க" என்றார் அவர், நான் படி இறங்கும்போது.

மூன்று வாரத்தில் வந்தது. மூன்றே வாரம். மார்க்கர் கோடு அழிகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சாய்வைத் திருத்தினேன். கூர் ஏறுகிறதுக்கு அடையாளமாகக் கத்தியின் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழுந்து நகத்தில் தட்டுப்பட்டது. ஒரு காலையில் தக்காளியின்மேல் கத்தியை வைத்தேன், அழுத்தவில்லை, தானாக இறங்கியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கோ கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்றேன், தையல் வராது என்றேன், நீச்சல் வராது என்றேன். அதில் எத்தனை நிஜமாக வராதவை, எத்தனை யாரோ கொடுத்த பள்ளம் விழுந்த கல் என்று இனி எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் கதையைச் சொல்லாத இடமில்லை. சமையல்காரர்களிடம், ஆட்டோக்காரர்களிடம், கீரை விற்கிறவர்களிடம் எல்லாம், அவர் விரலால் கண்ணாடியில் தட்டுகிற அந்த இரண்டு தட்டையும் நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நல்ல கதையாகிவிட்டது அது.

ஆர்டர்கள் திரும்பி வந்தன. நிறுத்திய பெண் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வேலை கேட்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் தவறிப்போய், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் வந்து போவதாகச் சொன்னார். வாழ்நாள் முழுக்க அரிவாள்மனையில் உட்கார்ந்து வெட்டிய கை. பலகையும் கத்தியும் பழக்கமில்லை.

காய் வெட்டுகிற எல்லா இடத்திலும் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவருக்கு இருப்பதிலேயே மழுங்கிய கத்தியைக் கொடுப்பார்கள். கூரான கத்தியைக் கொடுத்தால் கையை வெட்டிக்கொள்வார் என்று. நானும் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சாணைக்காரர் மீன் முள்ளாக்கிய கத்தி ஒன்று மேடைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து அக்காவின் பலகைமேல் வைத்தேன். கத்தியைக் கையோடு கை கொடுக்கக் கூடாது, சண்டை வரும் என்பார்கள், அதனால் வைத்தேன்.

"பழகற வரைக்கும் இது போதும்க்கா" என்றேன்.

நான் சொன்னது என் காதிலேயே விழவில்லை.

நாலாம் நாள் பூசணிக்காய். மழுங்கிய கத்தி பூசணித் தோலில் இறங்காது, வழுக்கும். இறங்கவில்லை என்று அக்கா மேலே சாய்ந்து முழு பலத்தையும் போட்டிருக்கிறார். வழுக்கிய கத்தி இடது கை ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் போய் நின்றது. கூரான கத்தி கீறும். இது நசுக்கிக்கொண்டு போயிருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், நரம்பு அறுந்துவிட்டது, விரல் இனி மடங்காது என்றார்கள். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் புடவையெல்லாம் அவருடைய ரத்தம்.

"உன் மேல ஒண்ணும் தப்பு இல்லம்மா. எனக்குத்தான் கை வரல" என்றார் அக்கா.

ஒரு வருஷமாக ஊர் முழுக்க நான் நடித்துக் காட்டிய கதை அங்கே அந்த பெஞ்சில் என் தலைமேல் விழுந்தது. கூரான ஆறு கத்திகள் என் மேடைமேல் இருந்தன. நானே தீட்டியவை. ஏழாவதை எடுக்கத்தான் நான் குனிந்தேன்.

அடுத்த வாரம் கல்லைத் தட்டையாக்க உப்புத்தாள் வாங்க வேண்டியிருந்தது. வேறு கடைகள் இருந்தன. அவர் கடைக்குத்தான் போனேன். சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எதற்குப் போனேன் என்றால், திட்டு வாங்கத்தான். என்னைத் திட்ட உரிமை உள்ளவர் ஊரில் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது. நடந்ததைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், நான் சொன்ன வார்த்தையையும் சேர்த்து.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு முகம் இளகியது.

"மனச வுட்டுடாதீங்கம்மா. நல்ல கத்தியா இருந்திருந்தா விரலே போயிருக்கும். மொக்கையா இருந்ததால தப்பிச்சாங்க. நீங்க பண்ணது கரெக்டுதான்."

இரண்டு தட்டு தட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான். உப்புத்தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. சில மாதத்தில் மகளுக்குக் கல்யாணமானது, கடையை மூடினார், ஓசூர் போனார். அவள் இப்போது வண்டி ஓட்டுகிறாளா என்று எனக்குத் தெரியாது. ஓட்டினால் நன்றாக இருக்கும்.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். ஆள்காட்டி விரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து, வந்ததும் வராததுமாக, "நானே கத்தி தீட்டக் கத்துக்கறேம்மா. உனக்கு வேல கம்மியாகும்ல" என்றார். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தக் கறுப்புக் கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். அதைக் குனிந்து எடுத்தார்.

நான் நீளக் கல்லை நனைத்து அவர் முன்னால் நகர்த்தினேன்.

"அய்ய, அத எதுக்கு நான் பாழ் பண்ணிக்கினு. எனக்கு இதுவே போதும்."

அந்த மனிதரை அக்கா பார்த்ததுகூட இல்லை. அவர் கடை எங்கே இருந்தது என்றும் தெரியாது. அக்கா கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராத சிரிப்பு ஒன்றைச் சிரித்தார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். பின் வாசலைத் திறந்து, வீசினேன் பாருங்கள், காலி மனைகளைத் தாண்டி முட்புதருக்குள் போய் விழுந்தது. மற்ற இரண்டு பெண்களும் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா என்னைப் பயந்துபோய்ப் பார்த்தார்.

இருப்பதிலேயே நல்ல கத்தியை எடுத்தேன். பலகைமேல் வைக்கவில்லை. கையோடு கை கொடுத்தேன்.

"பாழ் பண்ணுங்கக்கா" என்றேன்.

மடங்காத விரலைக் கத்தியின் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு அக்கா முதல் இழுப்பை இழுத்தார். சாய்வு தப்பு. கத்தி முனை கல்லில் குத்தி, நடுவில் ஒரு கீறல் விழுந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன்.